பைய நடந்தால் ஊர் தெரியும்: வாசகர் கேள்வி – பதில்

ஒரு நகரத்தின் தெருக்களையும் பேட்டைகளையும் நடந்தே அறிந்துகொள்வது பற்றிக் கேட்டிருந்த ஒருவருக்குச் சென்ற இதழில் சில வரிகளில் மறுமொழி எழுதியிருந்தேன். அதன்பின் குமரி மாவட்டத்தின் பல ஊர்களிலிருந்தும் அதே பொருளில் கடிதங்கள் வந்துகொண்டே இருப்பதால், இந்த இதழின் பக்கங்களை முழுவதுமாக அதற்கே ஒதுக்கிவிட்டேன். கடிதங்களைச் சுருக்கியிருக்கிறேன்; எழுதியவர்களின் பெயரை விடுத்து ஊரை மட்டும் தந்திருக்கிறேன்.

கேள்வி: முப்பத்தொரு ஆண்டுகள் நாகர்கோவிலில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். நாள்தோறும் பேருந்தில் வந்து பேருந்திலேயே திரும்பியிருக்கிறேன். ஊரை நன்றாக அறிந்தவன் என்ற எண்ணம் எனக்கு உண்டு. அண்மையில் வெளியூர் உறவினர் ஒருவர் வடிவீஸ்வரத்துக்குள் செல்ல வழி கேட்டபோது விழித்துக்கொண்டு நின்றேன். நடந்து பார்க்கும் அளவுக்கு நாகர்கோவில் ஒரு நகரம்தானா? அப்படியானால் எங்கிருந்து தொடங்குவது?
– ஆசாரிப்பள்ளம் வாசகர்

பதில்: உங்கள் ஐயத்தில் நியாயம் இருக்கிறது. 2011ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் இந்நகரின் மக்கள்தொகை 2,24,849. மாநகராட்சி என்ற தகுதி வந்ததே 2019ஆம் ஆண்டில்தான். இதைப் பெருநகரம் என்று சொன்னால் சென்னையிலிருந்து வருகிறவர் வாய்க்குள் சிரித்துக்கொள்வார். ஆனால் நடக்கிறவருக்கு வேண்டியது பரப்பளவன்று. நாகர்கோவில் என்று இன்று நாம் ஒரே பெயரால் சுட்டுவது, தனித்தனியே பிறந்து, தனித்தனித் தொழிலும் தெய்வமும் கொண்டு வளர்ந்த சில ஊர்கள், வீடுகள் பெருகப் பெருக ஒன்றையொன்று முட்டிக்கொண்டதால் உண்டானது. பேருந்தில் செல்பவருக்குக் கோட்டாறு, மீனாட்சிபுரம், வடசேரி, ஒழுகினசேரி என்பவை நடத்துநர் கூவும் நிறுத்தங்கள். நடந்து செல்பவருக்கோ ஓர் ஊர் முடிந்து அடுத்த ஊர் தொடங்கும் இடம் காலுக்குத் தட்டுப்படும். தெருவின் அகலம் குறையும், திண்ணையின் உயரம் மாறும், கடைப் பலகைகளில் உள்ள பெயர்கள் வேறாகும். அந்த எல்லைகளைக் கண்டுபிடிப்பதுதான் நடையின் பயன் என்பது என் எண்ணம். இந்தப் பக்கங்களில் வேறு யாருக்கு என்ன எழுதினாலும் அடிப்படையில் இதையே திரும்பத் திரும்பச் சொல்லப்போகிறேன் என்பதை முன்கூட்டியே ஒப்புக்கொள்கிறேன்.

கோட்டாற்றிலிருந்து தொடங்குங்கள். நகரின் மற்றப் பகுதிகளைவிட அதற்கே வயது மிகுதி. கி.பி. 2ஆம் நூற்றாண்டில் தாலமி என்னும் நிலநூலார் குறித்துவைத்த ‘கோட்டியாரா’ இவ்வூரே என்று ஆய்வாளர் பலர் கருதுகின்றனர். சோழர் ஆண்ட காலத்தில் மும்முடிச் சோழநல்லூர் என்ற பெயரும் இதற்கு வழங்கியது. காலையில் கம்போளம் என்னும் கடைத்தெருவுக்குள் நுழைந்தால் மிளகாய், புளி, சுக்கு, கருப்பட்டி என்று ஒவ்வொரு கடையையும் மூக்கே அடையாளம் சொல்லிவிடும். மூட்டை இறக்குபவர்களுக்கு வழிவிட்டு, சுவரோரமாக ஒதுங்கி ஒதுங்கித்தான் நடக்க வேண்டியிருக்கும். அவசரக்காரருக்கு உகந்த தெருவன்று அது. அங்கிருந்து சற்று நடந்தால் புனித சவேரியார் பேராலயம். 1544ஆம் ஆண்டில் சவேரியார் இக்கடற்கரை ஊர்களில் பணி செய்தார். டிசம்பர் 3 அன்று முடியும் பத்து நாள் திருவிழாவுக்குப் பேருந்தில் வந்து இறங்கிக் கூட்டத்தோடு கூட்டமாகத் திரும்பியிருப்பீர்கள். விழா இல்லாத ஒரு சாதாரண நாளில் போய்ப் பாருங்கள். 1752ஆம் ஆண்டு ஆரல்வாய்மொழிக் காற்றாடிமலையில் சுட்டுக் கொல்லப்பட்டு, 2022ஆம் ஆண்டு புனிதராக அறிவிக்கப்பட்ட தேவசகாயம் பிள்ளையின் கல்லறை அந்த ஆலயத்துக்குள்ளேதான் இருக்கிறது. அதைத் தெரியாமலே ஆண்டுதோறும் தேரோட்டம் பார்த்தவர்கள் நம்மில் பலர். ஒரு காலத்தில் நானும் அவர்களில் ஒருவன்.

கோட்டாற்றைத் தாண்டிச் சுசீந்திரம் செல்லும் சாலையில் இடலாக்குடி வரும். 1907ஆம் ஆண்டு சென்னை விக்டோரியா அரங்கில் ஒரே நேரத்தில் நூறு செயல்களில் கருத்தூன்றிச் சதாவதானம் நிகழ்த்திய செய்குத்தம்பிப் பாவலர் பிறந்த மண் அது. அங்குள்ள தெருக்களில் நடக்கும்போது பேச்சின் ஓசை மெல்ல மாறுவதைக் கவனியுங்கள். கோட்டாற்றுக் கடைக்காரர் பேசுவதும் இடலாக்குடிப் பெரியவர் பேசுவதும் நாஞ்சில் தமிழ்தான். எனினும் ‘வாங்க’ என்ற ஒரு சொல்லை அவர்கள் இழுக்கும் விதத்திலேயே ஊர் தெரிந்துவிடும்.

மற்றொரு நாள் வடிவீஸ்வரம். ஒரே நாளில் எல்லாவற்றையும் பார்த்துவிட எண்ணாதீர்கள். நான் முதன்முதலில் ஒரு தாளில் பதினான்கு இடங்களைக் குறித்துக்கொண்டு புறப்பட்டு, பகல் ஒரு மணிக்குள் பதினான்கையும் ‘முடித்து’, வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொல்ல ஒன்றும் இல்லாமல் இருந்த அனுபவத்தில் இதைச் சொல்கிறேன். வடிவீஸ்வரத்தில் அழகம்மன் கோயிலைச் சுற்றிய தெருக்களில், ஒட்டிக்கொண்டிருக்கும் பழைய ஓட்டு வீடுகளும் அவற்றை இடித்து எழுந்த மாடி வீடுகளும் மாறி மாறி வருகின்றன. திண்ணை இருந்த இடத்தில் இரும்புக் கதவு வந்துவிட்ட வீடுகளை எண்ணிப் பார்த்தால், தெருவோடு வீட்டுக்கு இருந்த பேச்சுவார்த்தை எப்போது நின்றது என்பது ஓரளவு புலப்படும். உங்கள் உறவினருக்கு அடுத்த முறை வழி சொல்லவும் அது உதவும்.

நகருக்குப் பெயர் தந்த நாகராஜா கோயிலில் கருவறைக்கு மேல் இன்றும் ஓலைக் கூரைதான். ஆண்டுதோறும் ஆடி மாதத்தில் அதைப் புதிதாக வேய்கிறார்கள். கருவறையின் ஈரமண்ணே அங்குப் பிரசாதம். தூண்களில் மகாவீரர், பார்சுவநாதர் முதலிய சமண உருவங்கள் இருப்பதைக் கும்பிட வருகிறவர்களில் எத்தனை பேர் பார்த்திருக்கிறார்கள் என்று தெரியவில்லை. வரிசையில் நின்று நகர்கிறபோது கண் முன்னே போகுமே தவிரப் பக்கவாட்டில் போகாது. கோயிலைவிட்டு வெளியே வந்து மணிமேடைப் பக்கம் நடந்தால் நகரம் வேறொரு முகம் காட்டும். 1893ஆம் ஆண்டில் திருவிதாங்கூர் மன்னர் மூலம் திருநாள் காலத்தில் எழுந்த மணிக்கூண்டு அது. அதன் கடிகாரம் இலண்டன் மிஷனைச் சேர்ந்த டதி பாதிரியார் அளித்தது. 1818ஆம் ஆண்டு மீட் பாதிரியார் மயிலாடியிலிருந்து இங்கு இடம் பெயர்ந்த பிறகு பள்ளி, அச்சுக்கூடம், ஆலயம் என ஒன்றன்பின் ஒன்றாக எழுந்த அந்தப் பகுதியில், மதில்கள் நீளமாகவும் மரங்கள் பெரியனவாகவும் இருப்பதற்குக் காரணம் அந்த வரலாறே. நகரத்தில் நிழலில் நடக்கக் கிடைக்கும் சில பகுதிகளில் அதுவும் ஒன்று.

வடசேரியைப் பற்றிச் சொல்லப் புகுந்தால் பக்கம் போதாது. கனகமூலம் சந்தையில் மட்டிப் பழமும் செந்துளுவனும் குலைகுலையாகத் தொங்குவதை எல்லோரும் பார்த்திருப்பார்கள். சந்தைக்குப் பின்னே, பரதநாட்டியம் ஆடுவோர் நாடெங்கும் அணிகின்ற சிவப்புக்கல் பதித்த கோயில் நகைகளைச் செய்யும் குடும்பங்கள் இருக்கின்றன; புவிசார் குறியீடு பெற்ற தொழில் அது. பெயர்ப்பலகை இல்லாத வீட்டு முன்னறையில், தலையைக் குனிந்தபடி வெள்ளித் தகட்டில் கல்லைப் பதிக்கும் ஒருவரைச் சன்னல் வழியே ஒரு நாள் கண்டேன். நிமிர்ந்து பார்த்து, “உள்ள வாங்க” என்றார். பேருந்து நிலையத்திலிருந்து நடந்தே போய்விடக்கூடிய தொலைவுதான். முப்பத்தொரு ஆண்டுகள் அந்த நிலையத்தில் ஏறி இறங்கிய உங்களுக்கு அவர் பக்கத்து வீட்டுக்காரர் மாதிரி.

கடைசியாக ஒழுகினசேரி. 1908ஆம் ஆண்டு கலைவாணர் என்.எஸ். கிருஷ்ணன் பிறந்த ஊர், சோழர் எடுப்பித்த சிவன் கோயில் நிற்கும் ஊர். அங்குள்ள பாலத்தின் மேல் நின்று கீழே பாருங்கள். பழையாறு நகரத்தைத் தொட்டுக்கொண்டு செல்வதை வண்டியில் கடக்கும்போது யாரும் பார்ப்பதில்லை. ஆகாயத்தாமரை மூடிக்கிடக்கும் நாட்களில் பார்த்தால் மனம் கசக்கும்; அதையும் பார்க்கத்தான் வேண்டும்.

கேள்வி: எந்த நேரத்தில், எவ்வளவு தூரம் நடக்கலாம்? செருப்பா, ஷூவா?
– மார்த்தாண்டம் வாசகர்

பதில்: காலை ஆறு மணிமுதல் எட்டரை வரை, மாலையில் வெயில் தணிந்தபின். தூரத்தைக் கணக்கிட வேண்டாம், அது வைத்தியர் சொல்லும் நடை. கால் பழகிய செருப்பு எதுவானாலும் சரி. நம் மாவட்டத்துக்கு இரண்டு பருவமழையும் உண்டு என்பதால் ஆண்டில் பாதி நாட்கள் குடை வேண்டும். நடைபாதை என்று ஒன்று பெரும்பாலான தெருக்களில் இல்லை. இருக்கும் இடத்திலும் ஓடையின் மேல் பலகைக்கல் உடைந்து வாய் பிளந்திருக்கும். ஆகவே சுவரையும் கோபுரத்தையும் பார்க்க விரும்பினால் நின்று பாருங்கள். நடக்கும்போது தரையைப் பாருங்கள்.

கேள்வி: என் தாயாரின் சிகிச்சைக்காக மாதம் இருமுறை திருவனந்தபுரம் செல்கிறோம். பரிசோதனை முடிவுக்காகச் சில நேரம் நான்கைந்து மணி நேரம் காத்திருக்க நேர்கிறது. அம்மாவுக்குத் துணையாக என் தம்பி இருப்பதால் நான் வெளியே சென்று வரலாம். மலையாளம் சரளமாக வராது. அந்நகரை நடந்து பார்க்க எது நல்ல வழி?
– தக்கலை வாசகி

பதில்: அம்மா, உங்களுக்கு வழி சொல்வது எளிது, அந்த வழியில் உங்கள் ஊர்த் தெய்வங்களே ஆண்டுதோறும் சென்று வருகின்றன. நவராத்திரிக்கு முன்பு பத்மநாபபுரம் அரண்மனையிலிருந்து தேவாரக்கட்டு சரஸ்வதி யானை மேலும், வேளிமலைக் குமாரசுவாமி வெள்ளிக் குதிரை மேலும், சுசீந்திரத்து முன்னுதித்த நங்கை பல்லக்கிலும் புறப்படுவதை நீங்கள் சிறு வயதுமுதல் பார்த்திருப்பீர்கள். உடைவாளை முன்னே ஏந்தி, குழித்துறையிலும் நெய்யாற்றின்கரையிலும் இரவு தங்கி, கரமனை வழியாகக் கிழக்கேகோட்டையை அடைகிறது அந்த ஊர்வலம். 1795ஆம் ஆண்டு திருவிதாங்கூரின் தலைநகரைப் பத்மநாபபுரத்திலிருந்து திருவனந்தபுரத்துக்கு மாற்றியபோது அரசர்கள் சென்றுவிட்டார்கள். பூசை கொள்ளும் தெய்வங்கள் இங்கேயே இருந்துவிட்டன. அதனால்தான் ஆண்டுக்கொருமுறை அவை நடந்து போய்வர வேண்டியிருக்கிறது என்று எங்கள் பாட்டி வேடிக்கையாகச் சொல்வார்.

அந்த ஊர்வலத்தின் கடைசிப் பகுதியை நீங்கள் எதிர்த்திசையில் நடந்து பாருங்கள். மருத்துவமனையிலிருந்து கிழக்கேகோட்டைக்குப் பேருந்து கிடைக்கும். அங்கே பத்மநாபசுவாமி கோயிலின் எதிர்ப்புறத்தில் மேத்தன் மணி என்னும் கடிகாரத்தைக் காண, மணி அடிக்கும் தறுவாயில் நில்லுங்கள். தாடிக்கார முகம் ஒன்று வாயைத் திறக்க, இரு பக்கமும் உள்ள ஆட்டுக்கடாக்கள் அதன் கன்னத்தில் முட்டும். எத்தனை மணியோ அத்தனை முட்டு. அடுத்து நவராத்திரி மண்டபம். சரஸ்வதி அமர்வது அங்கே. பின்பு கோட்டை வாசலைக் கடந்து சாலைக் கடைத்தெருவுக்குள் நுழைந்துவிட்டால் மலையாளம் வராது என்ற கவலை உங்களுக்கு வேண்டாம். பாத்திரக்கடையிலும் பலசரக்குக் கடையிலும் பாதிப் பேர் உங்களிடம் தமிழிலேயே விலை சொல்வார்கள். தெருவின் மறுமுனைப் பக்கம் ஆரியசாலையில் வேளிமலை முருகன் தங்கும் கோயில். முன்னுதித்த நங்கை தங்குவது செந்திட்டையில். இன்னும் கால் வலிக்கவில்லையென்றால் வலியசாலையின் அக்கிரகாரத் தெருவைப் பார்த்துவிட்டுக் கரமனை ஆற்றுப்பக்கம் சென்று, அங்கிருந்து பேருந்தில் திரும்பலாம்.

திருவனந்தபுரத்தில் பாளையத்தை எல்லோரும் காட்டுவார்கள். பள்ளிவாசலும் பேராலயமும் பிள்ளையார் கோயிலும் எதிரெதிரே நிற்கும் இடம் அது. புகைப்படத்துக்கு நன்றாக இருக்கும். ஆனால் சாலைத் தெருவில் ஒரு மணி நேரம் நடந்தால் கிடைப்பது அங்கே கிடைக்காது என்பது என் கட்சி. தாயார் நலம் பெற வேண்டுகிறேன்.

கேள்வி: ஆறு மாதமாகச் சென்னையில் வேலை. விடுதி, கம்பெனி வண்டி, அலுவலகம், மறுபடி விடுதி. ஞாயிற்றுக்கிழமை ஊர்சுற்றப் போனால் எல்லாத் தெருவும் ஒரே மாதிரி இருக்கிறது, திசையே தெரியவில்லை. இதில் நடந்து பார்க்க என்ன இருக்கிறது?
– குளச்சலைச் சேர்ந்த இளைஞர்

பதில்: தம்பி, கடற்கரைப் பிள்ளைக்குத் திசை தெரியவில்லை என்று சொல்ல வெட்கமாக இல்லையா! குளச்சலில் எந்த முடுக்கில் நின்றாலும் கடல் எந்தப் பக்கம் என்று உங்கள் உடம்புக்குத் தெரியும். சென்னையிலும் அதையே செய்யுங்கள். வேறுபாடு ஒன்றுதான்: அங்கே கடல் கிழக்கில். கூவமும் அடையாறும் மேற்கிலிருந்து வந்து அதில்தான் சேர்கின்றன. மாலையில் காற்று வரும் பக்கத்தை முகத்தில் உணர்ந்துகொண்டால் பாதித் திசை வந்துவிடும்.

எல்லாத் தெருவும் ஒரே மாதிரி இருப்பதாக உங்களுக்குத் தோன்றுவது, நீங்கள் பெருஞ்சாலைகளில் மட்டும் நடப்பதால். நாகர்கோவிலைப் போலவே சென்னையும் பல ஊர்கள் ஒட்டிக்கொண்டதுதான், அளவுதான் பெரிது. கிழக்கிந்தியக் கம்பெனி கோட்டை கட்டியதற்குப் பல நூற்றாண்டுகள் முன்பே மயிலாப்பூரும் திருவல்லிக்கேணியும் ஊர்களாக இருந்தன. திருவல்லிக்கேணிப் பார்த்தசாரதி கோயிலில் பல்லவர் காலக் கல்வெட்டு உண்டு. அங்கிருந்து சில தெருக்கள் கடந்தால் ஆர்க்காட்டு நவாபின் குடும்பம் 1795ஆம் ஆண்டில் கட்டிய பெரிய மசூதி. இரண்டுக்கும் இடையே நடக்கும் சில நிமிடங்களில் பூ விற்கும் தெரு பிரியாணி மணக்கும் தெருவாக மாறுகிறது. எந்தக் கடையோடு அந்த மாற்றம் தொடங்குகிறது என்று கண்டுபிடித்து எனக்கு எழுதுங்கள்.

பெயர்களைப் பிடித்துக்கொண்டு நடப்பதும் நல்ல முறை. சிந்தாதிரிப்பேட்டை என்பது சின்னத் தறிப் பேட்டை. 1730களில் கம்பெனியார் துணி வாணிகத்துக்காக நூற்போரையும் நெய்வோரையும் கூவத்தின் வளைவில் குடியமர்த்திய இடம். வண்ணாரப்பேட்டை அந்தத் துணிகளை வெளுத்தவர்களின் பேட்டை. ஏழுகிணறு என்ற பெயருக்கு 1772ஆம் ஆண்டில் கோட்டைக்குக் குடிநீர் தரத் தோண்டிய கிணறுகள் காரணம். மேற்கு மாம்பலத்தில் ‘லேக் வியூ ரோடு’ என்று ஒரு தெரு இருக்கிறது. நின்று தேடினாலும் ஏரி தென்படாது. 1920களில் தியாகராய நகரை உருவாக்கியபோது தூர்த்துவிட்ட ஏரியின் கரை அது. நுங்கம்பாக்கத்து ‘டேங்க் பண்ட் ரோடு’ம் அவ்வாறே, அங்கிருந்த ஏரியின் நிலத்தில்தான் 1976ஆம் ஆண்டில் வள்ளுவர் கோட்டம் எழுந்தது. இவ்விரு தெருக்களையும் ஒரு மழைநாளுக்கு மறுநாள் நடந்து பாருங்கள். தண்ணீர் எந்தப் பக்கம் சரிந்து எங்கே தேங்குகிறது என்று பார்த்தால், பழைய ஏரியின் படத்தை அதுவே வரைந்து காட்டும். குளங்களின் மாவட்டத்தில் பிறந்த உங்களுக்கு அந்தச் சரிவைப் படிக்க யாரும் கற்றுத்தர வேண்டியதில்லை. நாகர்கோவிலின் செட்டிகுளம் சந்திப்பில் பேருந்துக்காக நிற்கும்போதும் அதே கேள்வியைக் கேட்டுக்கொள்ளலாம்.

ஜார்ஜ் டவுனை ஞாயிற்றுக்கிழமை போய்ப் பார்க்காதீர்கள். கடைகள் அடைத்திருக்கும், அடைத்த கதவுகளைப் பார்த்துவிட்டு ‘எல்லாத் தெருவும் ஒன்று’ என்றுதான் எழுதுவீர்கள். ஒரு வேலைநாளில் விடுப்பு எடுத்துக்கொண்டு போனால், ஆண்டர்சன் தெருவில் காகிதமும் கல்யாணப் பத்திரிகையும், கோடவுன் தெருவில் துணி என்று தெருவுக்கு ஒரு தொழிலாக அது விரியும். கோட்டாற்றுக் கம்போளத்தில் மூட்டைகளுக்கு ஒதுங்கி நடந்து பழகியவருக்கு அங்கே நடப்பது சிரமமாக இராது.

கேள்வி: ஆண்கள் எங்கும் நடக்கலாம். நான் தெரியாத ஒரு தெருவில் மெல்ல நடந்தால், இரண்டு வீடு தாண்டுவதற்குள் “ஆரத் தேடுதிய?” என்று கேட்கிறார்கள். யாரையும் தேடவில்லை என்றால் நம்புவதில்லை. என்ன சொல்வது?
– கிருஷ்ணன்கோவில் வாசகி

பதில்: இக்கடிதத்தை இரண்டு நாள் மேசையில் வைத்திருந்துவிட்டே எழுதுகிறேன். நான் ஆண் என்பதால் என் அனுபவத்தை உங்களுக்கு அப்படியே தர முடியாது. ஆகையால் நெடுநாளாக நடந்து பழகிய என் மூத்த சகோதரியிடம் கேட்டேன். அவர் சொன்னதை எழுதுகிறேன்.

அந்தக் கேள்வி எப்போதும் சந்தேகத்தில் பிறப்பதில்லை என்கிறார் அவர். வழி தெரியாமல் அலையும் ஒருத்தியைக் கேட்காமல் விடுவது நம் ஊர்ப் பக்கத்தில் மரியாதைக் குறைவு. கேட்பவர் பெரும்பாலும் உதவவே கேட்கிறார். எனவே “யாரையும் தேடவில்லை” என்று முடித்துவிடாமல், பதிலுக்கு ஒரு கேள்வியைத் தயாராக வைத்திருப்பார். “இந்தத் தெருவுக்கு ஏன் இந்தப் பேரு, அக்கா?” என்பார், அல்லது “இங்க பழைய கிணறு ஒண்ணு உண்டும்னு சொன்னாவளே” என்பார். அதன்பின் அவரை யாரும் அந்நியராகப் பார்ப்பதில்லை. ஒருமுறை வடசேரிப் பக்கம் இப்படிக் கேட்டு, ஒரு பாட்டி கையைப் பிடித்து உள்ளே அழைத்துச் சென்று, கட்டன் சாயாவும் இரண்டு முந்திரிக்கொத்தும் கொடுத்து, பழந்தறி இருந்த குழியைக் காட்டி, வாசல்வரை வந்து “பைய போ மக்களே” என்று வழியனுப்பினாராம்.

ஆனால் கேள்வி கேட்பவரின் குரலில் வேறு ஏதாவது இருந்தால், விளக்கம் சொல்லிக்கொண்டு நிற்காமல் திரும்பிப் பெருந்தெருவுக்கு வந்துவிட வேண்டும் என்பதையும் அவர் அழுத்திச் சொன்னார். முதல் இரண்டு மூன்று முறை ஒரு தோழியோடு செல்வதும், பால்காரரும் பள்ளிப் பிள்ளைகளும் நடமாடும் காலை நேரத்தைத் தேர்ந்துகொள்வதும் நல்லது என்கிறார். பெண் ஒருத்தி காரணமின்றித் தெருவில் நடந்தால் காரணம் கேட்கும் பழக்கம் இருக்கிறதே, அதில் எனக்குச் சினம் உண்டு. அந்தச் சினத்தால் உங்கள் நடைக்குப் பயனில்லை என்பதால் அதை இங்கே நீட்டவில்லை.

கேள்வி: கைப்பேசியில் வரைபடம் இருக்கும்போது வழி கேட்பது எதற்கு?
– இரணியல் மாணவர்

பதில்: வரைபடத்தைப் புறப்படும் முன் பாருங்கள், திரும்பிய பின் இன்னொரு முறை பாருங்கள். நடுவில் சட்டைப்பைக்குள் இருக்கட்டும். வேப்பமூடு என்ற பெயரை வரைபடம் காட்டும்; மூடு என்றால் மரத்தின் அடி, அங்கே ஒரு வேம்பு நின்றிருக்கும் என்பதை வெற்றிலைக் கடைக்காரரே சொல்வார். விளை என்று முடியும் பெயர் மேட்டுநிலத் தோட்டத்தையும், குளம் என்று முடிவது பள்ளத்தையும் குறிப்பதால், நம் ஊரில் பெயரைக் கேட்டாலே ஏற்றமா இறக்கமா என்று முன்கூட்டித் தெரிந்துகொள்ளலாம். அந்த வசதி கைப்பேசியில் இல்லை.

கேள்வி: சிவராத்திரிக்குப் பன்னிரண்டு சிவாலயங்களையும் ஓடியே வணங்கும் மாவட்டத்துக்காரர்களுக்கு நடக்கக் கற்றுத் தருகிறீர்களே?
– திருவட்டாறு வாசகர்

பதில்: முன்சிறையில் தொடங்கித் திருநட்டாலத்தில் முடியும் அந்த ஓட்டத்தில், நூறு கிலோமீட்டருக்கும் மேல், “கோவிந்தா, கோபாலா” என்று விசிறியோடு ஓடியவர்களுக்கு நான் கற்றுத்தர ஒன்றுமில்லைதான். ஓடியவர்களிடம் ஒரே ஒரு விண்ணப்பம்: வேறொரு மாதத்தில், ஏதேனும் இரண்டு கோயில்களுக்கு இடைப்பட்ட வழியை மட்டும் ஓடாமல் நடந்து பாருங்கள்.

கேள்வி: சென்ற இதழில், கம்பளங்கள் விற்ற இடமாதலால் கோட்டாற்றுக் கடைத்தெரு ‘கம்போளம்’ எனப் பெயர் பெற்றது என்று எழுதியிருந்தீர்கள். மலையாளத்தில் கம்போளம் என்றாலே சந்தை என்று பொருள். எங்கள் பக்கத்தில் சிறு குழந்தைக்கும் தெரியும். இத்தனை ஆண்டு அத்தெருவில் நடந்ததாகச் சொல்லும் தாங்கள் இதை எப்படி விட்டீர்கள்?
– களியக்காவிளை வாசகர்

பதில்: தவறு என்னுடையதே; திருத்திக்கொள்கிறேன். 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூரிலும் பின்பு திருவிதாங்கூர்-கொச்சியிலும் இருந்த ஊரில், சந்தைக்கு மலையாளத்தோடு பொதுவான சொல் ஒன்று வழங்குவதில் வியப்பே இல்லை. எழுதும்போது அது எனக்குத் தோன்றியிருக்க வேண்டும். கம்பளக் கதையை நான் எங்கே கேட்டேன் என்று யோசித்துப் பார்த்ததில், எவரிடமும் கேட்கவில்லை என்பதும், சொல்லின் ஓசையைக் கொண்டு நானாகவே முடிவு செய்துகொண்டேன் என்பதும் தெரிந்தது.

உங்கள் கடிதம் வந்த செவ்வாய்க்கிழமை காலையில் கம்போளத்துக்குப் போனேன். புளி மூட்டை இறக்கிவிட்டு முதுகை நிமிர்த்திக்கொண்டிருந்த ஒரு பெரியவரிடம், இந்தத் தெருவுக்கு ஏன் இந்தப் பெயர் என்று முதன்முறையாகக் கேட்டேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, “சந்தைய சந்தைன்னு சொல்லாம வேற என்ன சொல்லுவாவ? ஒதுங்கி நில்லும், அடுத்த மூட வருது” என்றார்.